14-வது மெயிலில் நின்றுவிடுகிறது

(விண்டோஸ் எக்ஸ்பியும் டயல்-அப்பும் புழக்கத்தில் இருந்த காலத்துக் கேள்வி-பதில் இது.)

கேள்வி: கோத்தகிரியிலிருந்து சோலூர்மட்டம் போகும் வழியில் எங்கள் ஊர். நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. எங்கள் சிறிய தேயிலைத் தோட்டத்தின் கணக்கும், மகளிர் குழுவின் கடிதப் போக்குவரத்தும் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் நடக்கின்றன. விண்டோஸ் எக்ஸ்பி, உள்ளே பொருத்திய மோடம், போன் லைன் வழியாக டயல் செய்து இணையும் டயல்-அப் இணைப்பு. இணைந்ததும் 45, 48 கேபிபிஎஸ் என்று காட்டுகிறது. பத்து பதினைந்து நிமிடத்தில் அறுந்துவிடுகிறது. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து இன்னும் மோசம். மெயில் எடுக்கும் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் 31 மெயிலில் 14-வதில் போய் நிற்கிறது. மறுபடி போட்டால் முதல் மெயிலிலிருந்து ஆரம்பிக்கிறது. ஒரே கடிதம் நாலு பிரதி வந்து கிடக்கிறது. துபாயில் இருக்கும் மகன் பேரன் படம் அனுப்பியதாகச் சொல்கிறான், வந்தபாடில்லை. நான் போடும் பதிலும் கிடைக்கவில்லை என்கிறான். செய்தித்தாள் பக்கங்கள் மெதுவாகவாவது திறக்கின்றன. வங்கிப் பக்கம் மட்டும் ஏதோ எச்சரிக்கை காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. குழுவுக்கு வரும் தமிழ்க் கடிதங்களில் சில புரியாத எழுத்தாக வருகின்றன. கம்ப்யூட்டரில் தேதி எப்போதும் தப்பாகத்தான் இருக்கும், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. விண்டோஸை அழித்துத் திரும்பப் போட வேண்டும், புது மோடம் வாங்க வேண்டும் என்கிறான் தங்கை மகன். செய்யலாமா?

பதில்:

அம்மா, வணக்கம். விண்டோஸை அழிக்க வேண்டாம். மோடமும் இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

கடிதத்தைப் படித்தால் ஆறேழு கோளாறு இருப்பதுபோல் தெரிகிறது. தமிழ் எழுத்துப் பிரச்சினையைத் தள்ளிவைத்தால் இருப்பது இரண்டுதான். ஒன்று போன் லைன், இன்னொன்று நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளாத அந்தத் தேதி. மற்றதெல்லாம் இவற்றிலிருந்து கிளைத்தவை. விண்டோஸைத் திரும்பப் போட்டால் லைனில் இறங்கிய ஈரம் காயாது, தேதியும் நிலைக்காது. சேர்த்து வைத்திருக்கும் கடிதங்களும் முகவரிகளும்தான் போகும். அதனால் அந்த யோசனையை முதலில் விட்டுவிடுங்கள்.

லைனைச் சரிசெய்ய ஆள் வர வேண்டும், நாலு நாள் ஆகலாம். மெயில் அடைப்பை இன்றைக்கே எடுத்துவிடலாம் என்பதால் அதை முதலில் சொல்கிறேன்.

48 கேபிபிஎஸ் என்றால் விநாடிக்கு 48 ஆயிரம் பிட். எட்டால் வகுத்தால் 6 கிலோபைட். இது ஏட்டுக்கணக்கு. நம் பக்கத்து லைன்களில் 4 கிலோபைட் வந்தாலே நல்ல நாள். உங்கள் மகன் கேமராவில் எடுத்த படத்தை அப்படியே அனுப்பியிருப்பார். அது 3 மெகாபைட் என்று வையுங்கள். மெயிலோடு வரும் படம், பாட்டு எதுவானாலும் வெறும் எழுத்துகளாக மாற்றித்தான் அனுப்பப்படுகிறது. அந்த மாற்றத்தில் மூன்று பைட் நான்கு பைட்டாகிவிடும். ஆக 3 மெகாபைட் படம் 4 மெகாபைட் மெயில். விநாடிக்கு 4 கிலோபைட் வேகத்தில் அது இறங்க 17 நிமிடம் வேண்டும். உங்கள் லைன் நிற்பதோ பத்து பதினைந்து நிமிடம்.

அந்த 14-வது மெயில் பெரும்பாலும் பேரன் படம்தான். எத்தனை முறை முயன்றாலும் அது முடிவதற்குள் லைன் அறுகிறது. பாதி இறங்கிய மெயிலை விட்ட இடத்திலிருந்து தொடர இந்த முறையில் வழி கிடையாது, மறுபடி முதலிலிருந்துதான். அதற்குப் பின்னால் நிற்கும் 17 கடிதங்களும், மேட்டுப்பாளையம் ரோட்டில் வளைவில் லாரி நின்றுபோனால் பின்னால் பஸ்கள் நிற்குமே, அப்படி நிற்கின்றன.

சரி, முதல் 13 கடிதங்கள் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன? நீங்கள் மெயில் எடுக்கும் முறைக்கு பாப்3 என்று பெயர். கடிதத்தைக் கொடுத்ததும் மெயில் நிறுவனத்தின் கம்ப்யூட்டர், அதாவது சர்வர், அதை அழித்துவிடாது. உங்கள் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, முடிந்தது, விடைபெறுகிறேன் என்று முறைப்படி சொன்ன பிறகுதான் அழிக்கும். நடுவில் லைன் அறுந்தால் அந்த விடைபெறல் நடக்கவில்லை, எனவே எதையும் அழிக்காமல் அப்படியே வைத்திருக்கும். அடுத்த முறை நீங்கள் போனதும் மொத்தத்தையும் திரும்பக் கொடுக்கும். கடிதம் தொலையக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். நாலு பிரதி வந்திருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம், இதுவரை ஒன்றும் தொலைந்து போகவில்லை என்பதற்கு அதுவே சான்று.

இப்போது அடைப்பை எடுங்கள். அவுட்லுக் எக்ஸ்பிரஸை மூடிவிட்டு, பிரவுசர் வழியாக உங்கள் மெயில் நிறுவனத்தின் பக்கத்துக்குப் போய் அதே பெயர், கடவுச்சொல் கொடுத்து உள்ளே போங்கள். அங்கே ஒவ்வொரு கடிதத்துக்கும் எதிரே அளவு போட்டிருக்கும். கடிதங்களைத் திறக்க வேண்டியதில்லை. மெகாபைட் கணக்கில் இருப்பது எது, யாரிடமிருந்து என்று பாருங்கள். மகனுடையதென்றால் அவரிடம் படத்தைச் சிறிதாக்கி மறுபடி அனுப்பச் சொல்லிவிட்டு, பெரியதை அழித்துவிடலாம். படம் அவரிடம் இருக்கத்தானே போகிறது. அழித்ததும் அவுட்லுக் எக்ஸ்பிரஸைத் திறந்து எடுத்துப் பாருங்கள். மீதி 30 கடிதமும் சில நிமிடங்களில் இறங்கிவிடும்.

இனிமேல் இப்படி அடைக்காமலிருக்க ஒரு விதி போட்டுவிடுங்கள். அவுட்லுக் எக்ஸ்பிரஸின் டூல்ஸ் மெனுவில் மெசேஜ் ரூல்ஸ், அதில் மெயில். மேல் பெட்டியில் கடிதத்தின் அளவு இவ்வளவுக்கு மேல் இருந்தால் என்ற வரியில் டிக் செய்து, கீழே அந்த அளவு என்ற சொல்லை அழுத்தி 300 கிலோபைட் என்று கொடுங்கள். நடுப் பெட்டியில் சர்வரிலிருந்து இறக்காதே என்ற வரியில் டிக். பக்கத்தில் சர்வரிலிருந்து அழி என்று இன்னொரு வரி இருக்கும், அதைத் தொட்டுவிடாதீர்கள். இப்படிச் செய்தால் பெரிய கடிதம் சர்வரிலேயே இருக்கும், சிறியவை தடையின்றி வரும். பெரியதை நேரம் கிடைக்கும்போது பிரவுசர் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு மாற்றம் அக்கவுண்ட்ஸ் பகுதியில் செய்ய வேண்டும். உங்கள் கணக்கின் பிராபர்ட்டீஸில் அட்வான்ஸ்டு என்ற பக்கத்தில் சர்வர் டைம்அவுட் என்று ஒரு நகர்த்தும் கட்டை இருக்கும். அது 1 நிமிடத்தில் இருக்கும். வலக்கோடிக்கு, 5 நிமிடத்துக்குத் தள்ளுங்கள். இது ஏன் வேண்டுமென்றால், உங்கள் ஆன்டிவைரஸ் மெயிலை முதலில் தான் முழுதாக வாங்கி, சோதித்து, அப்புறம்தான் அவுட்லுக் எக்ஸ்பிரஸிடம் கொடுக்கும். அதுவரை அவுட்லுக் எக்ஸ்பிரஸ் ஒன்றும் வராமல் காத்திருக்கும், ஒரு நிமிடம் பார்த்துவிட்டு சர்வர் பதில் தரவில்லை என்று விட்டுவிடும். 19 என்று முடியும் நீளமான பிழை எண் வருகிறதா என்று பாருங்கள். அந்தப் பிழை காலாவதியைத்தான் சொல்கிறது.

மகனுக்கு ஒரு வரி எழுதுங்கள். எக்ஸ்பியில் படத்தின்மேல் வலப்பொத்தானை அழுத்தி, மெயில் பெறுநருக்கு அனுப்பு என்று கொடுத்தால், படங்களைச் சிறிதாக்கட்டுமா என்று அதுவே கேட்கும். ஆம் என்றால் 3 மெகாபைட் படம் நூறு கிலோபைட்டை ஒட்டி வந்துவிடும். திரையில் பார்க்க அது போதும், அரை நிமிடத்தில் இறங்கும். அச்சுப் போட வேண்டிய படங்களை ஊருக்கு வரும்போது சிடியில் கொண்டுவரட்டும்.

இனி லைன்.

இணைப்பு அறுவதற்கு நிறைய காரணம் உண்டு, ஆனால் அறும் விதத்திலேயே காரணம் தெரியும். ஒவ்வொரு முறையும் சரியாக 20-வது நிமிடத்தில் அறுந்தால் அது விண்டோஸின் ஓய்வுநேர அமைப்பு, லைன் இல்லை. யாராவது போன் செய்யும்போதெல்லாம் அறுந்தால் கால் வெயிட்டிங் வசதி. அந்த டொக் சத்தம் மோடத்தைக் குழப்பிவிடும், டெலிபோன் எக்சேஞ்சில் சொல்லி எடுத்துவிடலாம். சமையலறையில் இருக்கும் இன்னொரு போனை யாராவது எடுத்தாலும் அறும். உங்களுக்கோ பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று மாறி மாறி அறுகிறது, மழையில் கூடுகிறது. இது ஒயரில் ஈரம் அல்லது கெட்ட இணைப்பு என்பதற்கான அடையாளம். கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவத்தில், ஆனி ஆடியில் இந்தத் தொல்லை. கோத்தகிரிப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவம்தான் பெருமழை, அதனால் ஐப்பசி கார்த்திகையில்.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம், எந்தக் கருவியும் வேண்டாம். இணைப்பில் இல்லாதபோது போனை எடுங்கள். டயல் டோன் வரும். 1 என்ற எண்ணை மட்டும் அழுத்துங்கள். டோன் நின்று சில விநாடிகளுக்கு லைன் அமைதியாகிவிடும். அந்த அமைதியில் காதை வைத்துக் கேளுங்கள். நல்ல லைனில் ஏறக்குறைய ஒன்றும் கேட்காது. பேசும்போது நாம் கவனிக்காத சத்தமெல்லாம் இப்போது கேட்கும். மோடத்துக்கு எப்போதும் கேட்டுக்கொண்டிருப்பது அதுதான்.

கரகர, சடசட என்று ஒழுங்கில்லாமல் கேட்டால் எங்கோ ஒரு ஜாயிண்டில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறது அல்லது ஈரம் இறங்கியிருக்கிறது. காற்றடிக்கும்போது மட்டும் சடசடத்தால், போஸ்டிலிருந்து வீட்டுக்கு வரும் டிராப் வயர் எங்கோ மரத்தில் உரசுகிறது. தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களை ஒட்டியே வயரை இழுத்துவிடுகிறார்கள். கிளை வளர்ந்து உரசி உரசி மேல்தோல் போய்விடும். குரங்குகள் தொங்கி இழுத்த வயரும் இப்படித்தான், வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே கம்பி பாதி அறுந்திருக்கும். நடந்து போய் ஒருமுறை கண்ணால் பார்த்து வாருங்கள், வயரை மட்டும் தொடாதீர்கள்.

விடாமல் ம்ம்ம் என்று ஒரே சுருதியில் ஒலித்தால் அது வேறு. லைன் என்பது இரண்டு கம்பி. இரண்டும் பூமியோடு ஒரே மாதிரி விலகி இருக்கும்வரை மின்சாரக் கம்பிகளின் இரைச்சல் இரண்டிலும் சமமாக விழுந்து அடிபட்டுப்போகும். ஒரு கம்பியில் மட்டும் கசிவு ஏற்பட்டு மண்ணைத் தொட்டால் அந்தச் சமம் குலைந்து, மின்சாரத்தின் 50 சைக்கிள் ஒலி உள்ளே வந்துவிடும். வீட்டுக்குள் போன் வயரைக் கரண்ட் வயரோடு சேர்த்து ஒரே குழாயில் இழுத்திருந்தாலும் இது வரும்.

மூன்றாவது ஒரு சத்தம் உண்டு. விநாடிக்கு ஒன்று என்று கடிகாரம்போல டிக், டிக் என்று கேட்கும். சமவெளியில் இருப்பவர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். யானைக்கும் காட்டெருமைக்கும் போடும் சோலார் வேலியின் துடிப்பு அது. வேலிக் கம்பியில் செடிகொடி படர்ந்தோ, இன்சுலேட்டர் உடைந்தோ கசிவு இருந்து, போன் வயரும் அதே வழியில் போனால், ஒவ்வொரு துடிப்பும் லைனில் ஏறும். மோடத்துக்கு விநாடிக்கு ஒரு அடி விழுந்தால் அது எப்படி ஓடும்? சோலூர்மட்டம், கீழ்க்கோத்தகிரி பக்கம் வேலிகள் நிறைய இருப்பதால் சொல்கிறேன். இந்தச் சத்தம் கேட்டால் ஒரு சின்ன ரேடியோவை மீடியம் வேவில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு, வேலியைத் தொடாமல் ஓரமாக நடந்து பாருங்கள். டிக் சத்தம் எங்கே உரக்கக் கேட்கிறதோ அங்கே கசிவு. கொடியை வெட்டிச் சுத்தம் செய்ய வேலிக்காரரிடம் சொல்லுங்கள். வேலியும் அப்போதுதான் வேலை செய்யும், பாதிக் கசிவுள்ள வேலி யானையை நிறுத்தாது.

அடுத்து, குறை வீட்டுக்குள்ளேயா வெளியேயா என்று பிரிக்க வேண்டும். வீட்டில் லைன் முதலில் வந்து சேரும் சின்ன வெள்ளைப் பெட்டி, ரோசெட் என்பார்கள், அதிலிருந்து கம்ப்யூட்டருக்கும் மற்ற போன்களுக்கும் போகும் எல்லா வயரையும் கழற்றிவிட்டு ஒரே ஒரு போனை மட்டும் நேராக மாட்டி அதே 1 சோதனையைச் செய்யுங்கள். சத்தம் போய்விட்டால் குறை வீட்டுக்குள். ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டிக்கொண்டே வந்தால் எந்த வயரில் சத்தம் திரும்புகிறதோ அதுதான். தரை ஓரமாக ஓடும் தட்டை வயர், ஒன்றுக்கு இரண்டாகப் பிரிக்கும் அடாப்டர், இவையிரண்டும்தான் அடிக்கடி கெடுபவை. கம்ப்யூட்டர் அறைக்கு வேறு போன் எதுவும் பிரியாமல் ஒரே துண்டாகப் புது வயர் இழுத்துவிடுங்கள். ரோசெட் சமையலறைச் சுவரிலோ, மழைச்சாரல் படும் ஜன்னலருகிலோ இருந்தால் இடம் மாற்றச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் கழற்றியும் சத்தம் இருந்தால் குறை வெளியே, தொலைபேசித் துறையின் பொறுப்பு. புகார் கொடுக்கும்போது தயவுசெய்து இன்டர்நெட் வரவில்லை என்று சொல்லாதீர்கள். இன்டர்நெட் என்றதும் அது லைன்மேன் வேலை இல்லை என்று வேறு பக்கம் போய்விடும். டோன் இல்லாதபோது லைனில் கரகரப்பு, பேச்சிலும் கேட்கிறது, ரோசெட்டில் நேரடியாகப் பார்த்தாயிற்று என்று சொல்லுங்கள், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் தினமும் எத்தனை மணிக்கு இணைந்தது, என்ன வேகம், எப்போது அறுந்தது, மழையா வெயிலா என்று ஒரு வாரம் எழுதி வைத்தால் இன்னும் நல்லது. லைன்மேன் வெயிலில் வந்து பார்க்கும்போது லைன் காய்ந்து நன்றாகவே இருக்கும். அப்போது அந்த நோட்டைக் காட்டலாம். வீடுகளுக்கு லைன்கள் பிரியும் டிபி பெட்டியில் ஜாயிண்டைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். டிராப் வயரில் நடுவில் முறுக்கி ஒட்டிய இணைப்புகள் இருந்தால் முழு வயரையும் மாற்றித்தரக் கேளுங்கள். மலையில் மழையிலும் சரிவிலும் லைன் பார்க்கும் அந்த ஆட்களுக்கு வேலை அதிகம். குறை எங்கே என்று நாம் பாதியாவது கண்டுபிடித்துக் கொடுத்தால் அவர்களும் உற்சாகமாகச் செய்வார்கள்.

அதுவரை மோடத்தைக் கொஞ்சம் பொறுமையாக்கி வைக்கலாம். லைனில் ஒரு இரைச்சல் வந்ததும் இரு பக்க மோடமும் பேச்சை நிறுத்திவிட்டு, எந்த வேகத்தில் பேசலாம் என்று மறுபடி பேரம் பேசும். அந்த நேரம் திரையின் மூலையில் இணைப்பு இருப்பதாகக் காட்டும், ஆனால் ஒரு பைட்டும் வராது. பக்கம் திறக்கவில்லை என்று பிரவுசர் சொல்வதில் பாதி இப்போதுதான். மூலையில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டர் படத்தை இரண்டு முறை அழுத்திப் பாருங்கள். அனுப்பியது, வந்தது என்று இரண்டு எண் ஓடும். அனுப்பியது ஏறுகிறது, வந்தது அசையவே இல்லை என்றால் லைன் தவிக்கிறது, பிரவுசரைக் குறை சொல்லிப் பயனில்லை. வந்தது ஏறிக்கொண்டிருந்தால் பக்கம் வந்துகொண்டிருக்கிறது, திரும்பத் திரும்ப ரெஃப்ரெஷ் அழுத்தாமல் காத்திருங்கள். ஒவ்வொரு அழுத்தலும் வேலையை முதலிலிருந்து தொடங்கும்.

கன்ட்ரோல் பேனலில் போன் அண்ட் மோடம் ஆப்ஷன்ஸ் போய், மோடத்தின் பிராபர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பக்கத்தில் கூடுதல் கட்டளைக்கு ஒரு பெட்டி இருக்கும். அதில் ஆங்கிலத்தில் எஸ், 1, 0, சமக்குறி, 5, 0 என்று இடைவெளி இல்லாமல் எழுதுங்கள். எதிர்முனை ஒலி மறைந்தால் எவ்வளவு நேரம் பொறுத்து இணைப்பை வெட்டுவது என்பதை முடிவு செய்யும் எண் இது, பத்தில் ஒரு விநாடிக் கணக்கில். வழக்கமாக 14, அதாவது ஒன்றரை விநாடிகூட இல்லை. 50 என்றால் 5 விநாடி பொறுக்கும். இதை மட்டும் செய்துவிட்டு இரண்டு மூன்று நாள் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போய்விடும்.

அதிலும் அறுந்தால், அதே பெட்டியில் அதை ஒட்டியே பிளஸ் குறி, எம், எஸ், சமக்குறி, வி, 3, 4 என்று சேருங்கள். 56 கேபிபிஎஸ் முறையை விட்டு, அதிகபட்சம் 33.6 வரை போகும் பழைய வி.34 முறையில் பேசச் சொல்லும் கட்டளை இது. 48 என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு 31, 28 என்று பார்க்க வருத்தமாக இருக்கும். ஆனால் பத்து நிமிடம் ஓடி அறும் 48-ஐவிட ஒரு மணி நேரம் அறாத 28 எவ்வளவோ மேல். மெயில் முழுதாக வந்து சேரும், பில்லும் குறையும். லோக்கல் கால் கணக்கில்தான் மீட்டர் ஓடுகிறது. அறுந்து அறுந்து இணையும்போது ஒவ்வொரு முறையும் புதுக் கால். சில மோடம் சிப்புகள் இந்த இரண்டாவது கட்டளையை ஏற்பதில்லை. டயல் செய்யும்போதே பிழை காட்டினால் அந்தப் பகுதியை அழித்துவிடுங்கள், ஒரு கெடுதலும் இல்லை. மோடத்தை இயக்கும் டிரைவர் மென்பொருளை மாற்றியதும் 115.2 என்று காட்ட ஆரம்பித்தால் அதை நம்ப வேண்டாம். கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் நடுவே உள்ள வேகம் அது, லைனின் வேகம் இல்லை.

இப்போது தேதி. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி அதுதான். மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம்போல வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும், 2032 என்று எண் போட்டிருக்கும். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது நேரத்தை ஓட்டுவது அது. தீர்ந்துவிட்டால், சுவரில் ஸ்விட்சை அணைக்கும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். வங்கிப் பக்கம் தன் அடையாளச் சான்றிதழைக் காட்டும், அதில் இந்தத் தேதியிலிருந்து செல்லும் என்று போட்டிருக்கும். உங்கள் கம்ப்யூட்டர் தன் பழைய தேதியை வைத்துப் பார்த்து, இது இன்னும் செல்லத் தொடங்கவே இல்லையே என்று எச்சரிக்கிறது. நீங்கள் பயந்து வேண்டாம் என்று அழுத்துகிறீர்கள், பக்கம் நின்றுவிடுகிறது. அப்படி அழுத்தியது சரியான பழக்கம், அதை விடாதீர்கள். தேதியைத் திருத்திய பிறகும் அதே எச்சரிக்கை வந்தால் உள்ளே போகாமல் வங்கிக்குப் போன் செய்து கேளுங்கள்.

மகனுக்கு உங்கள் பதில் கிடைக்காததும் பெரும்பாலும் இதனால்தான். நீங்கள் அனுப்பும் கடிதத்தில் உங்கள் கம்ப்யூட்டரின் தேதிதான் ஒட்டிப் போகும். அவர் மெயிலைத் தேதி வரிசையில் வைத்திருந்தால், உங்கள் கடிதம் சில வருடம் பழைய கடிதங்களுக்கு நடுவே, பட்டியலின் அடியில் போய் விழும். மேலே புதியதை மட்டும் பார்ப்பவருக்கு வரவில்லை என்றுதான் தோன்றும். அடிவரை போய்த் தேடச் சொல்லுங்கள், கட்டாகக் கிடைக்கலாம். பேட்டரி கோத்தகிரியில் வாட்ச் கடையிலேயே கிடைக்கும். மின்சார வயரைக் கழற்றிவிட்டு மாற்ற வேண்டும், தங்கை மகனிடம் இந்த வேலையைக் கொடுங்கள். மாற்றியதும் தேதி, நேரத்தோடு இந்திய நேர மண்டலமும் சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

தமிழ்க் கடிதம் புரியாத எழுத்தாக வருவது லைனின் குற்றம் இல்லை. தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்து வரிசையாக வந்தால் அது யூனிகோடு தமிழ். வியூ மெனுவில் என்கோடிங் என்பதில் யூனிகோடு யுடிஎஃப்-8 என்று மாற்றினால் தெரியும். வெறும் கட்டமாக வந்தால், கன்ட்ரோல் பேனலில் மொழிகள் பகுதியில் சிக்கலான எழுத்துமுறைகளை நிறுவு என்ற பெட்டியில் டிக் செய்யுங்கள், எக்ஸ்பி சிடி கேட்கும். இரண்டிலும் தெரியாவிட்டால் அனுப்பியவர் ஏதோ தனி எழுத்துருவில் அடித்திருக்கிறார், எந்த எழுத்துரு என்று அவரைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

பிரவுசரில் சில பழக்கங்கள் போதும். முதல் பக்கத்தைக் காலிப் பக்கமாக வைத்துவிடுங்கள். படம் தேவையில்லாத நாளில் இன்டர்நெட் ஆப்ஷன்ஸின் அட்வான்ஸ்டு பக்கத்தில் படங்களைக் காட்டு என்பதில் டிக்கை எடுத்துவிடுங்கள், பக்கங்கள் சட்டென்று வரும். நீளமான கட்டுரையை இறக்கியதும் இணைப்பை வெட்டிவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

பாதுகாப்பில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். டயல்-அப்தானே, யார் வரப்போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். 2003 ஆகஸ்டில் பரவிய பிளாஸ்டர் புழு, மெயில் எதையும் திறக்காமலே, இணைப்பில் இருந்த எக்ஸ்பி கம்ப்யூட்டர்களுக்குள் நுழைந்தது. 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2 என்ற எக்ஸ்பி திருத்தத் தொகுப்பைப் போட்டிருந்தால் தடுப்புச் சுவர் தானாகவே இயங்கும். அது 266 மெகாபைட், உங்கள் வேகத்தில் ஏறக்குறைய 19 மணி நேரம். கம்ப்யூட்டர் இதழ்களோடு வரும் சிடியிலோ, தெரிந்தவரிடமோ வாங்கிப் போடுங்கள். அது பின்னணியில் தானாக இறங்கப் பார்த்து உங்கள் லைனை உறிஞ்சிக்கொண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. நீங்கள் ஒன்றும் செய்யாதபோதும் அந்த இரண்டு கம்ப்யூட்டர் படம் மின்னிக்கொண்டே இருந்தால் அதைச் சந்தேகியுங்கள்.

இடிமின்னல் நேரத்தில் கரண்ட் பிளக்கை மட்டும் எடுத்தால் போதாது, மோடத்துக்குப் போகும் போன் வயரையும் கழற்றிவிடுங்கள். மோடங்களைக் கொல்லும் மின்னல் பெரும்பாலும் போன் வழியாகத்தான் வருகிறது.

புது மோடம் எப்போது வாங்கலாம்? லைன் அமைதியாகி, மழையிலும் 1 சோதனையில் சத்தம் இல்லாமல், அப்போதும் அறுந்தால் வாங்குங்கள். வாங்கினால் வெளியே வைக்கும் சீரியல் மோடமாக வாங்குங்கள். உள்ளே பொருத்தும் மலிவு மோடங்கள் பாதி வேலையைக் கம்ப்யூட்டரின் தலையில் போடும். வெளி மோடம் தன் வேலையைத் தானே செய்யும், அதன் விளக்குகளைப் பார்த்தாலே லைன் போனதா கம்ப்யூட்டர் நின்றதா என்று தெரிந்துவிடும். பிராட்பேண்ட் வரும், அப்போது எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருப்பதிலும் பயனில்லை. 2005-லிருந்து தரும் அந்த இணைப்பும் இதே செம்புக் கம்பியில்தான் வருகிறது, எக்சேஞ்சிலிருந்து தூரம் கூடக்கூட வேகம் குறைகிறது, கெட்ட ஜாயிண்டை அதுவும் பொறுக்காது. இப்போது லைனுக்குச் செய்யும் வேலை அதற்கும் உதவும்.

லைன்மேன் வந்து போன பிறகும் அறுந்தால் மறுபடி எழுதுங்கள். மோடத்தின் பிராபர்ட்டீஸில் டயக்னாஸ்டிக்ஸ் பக்கத்தில் வியூ லாக் என்று ஒரு பொத்தான் இருக்கும். அறுந்த உடனே அதை அழுத்தி, கடைசி இருபது வரிகளை அச்செடுத்து, உங்கள் நோட்டின் அந்த வாரத்துப் பக்கத்தோடு சேர்த்து அனுப்புங்கள்.